மிச்சத் துணி

நீதிமன்றத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள் என்பதுதான், என்னிடம் வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது. மடிப்புக் கலையாத சட்டைக்குள் இருக்கும் மனவருத்தத்தை எந்த நீதிபதியும் நம்புவதில்லை.

சிட்னியில் தமிழர்களுக்குக் கோர்ட் பேச்சு எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் கண்டுபிடித்த தொழிலல்ல. பழைய கிரேக்கத்தில் வழக்காளி தன் வாயாலேயே பேச வேண்டும். வசதியுள்ளவர்கள் பேச்சை எழுத ஆள் பிடித்தார்கள். ஒரே ஆள் இரண்டு தரப்புக்கும் எழுதிய கதையும் உண்டு. என் அப்பா யாழ்ப்பாணத்தில் துணிக்கடை வைத்திருந்தவர். வாங்க வந்த இருவர் சண்டை பிடித்தால், இருவருக்கும் துணி கிழிப்பவன்தான் வியாபாரி என்பார்.

செந்தில்நாதன் வீடு கட்டி விற்கும் பெரிய முதலாளி. ஃபோனைப் பார்த்தபடி காரோட்டி, வேலை முடித்துச் சைக்கிளில் வந்த யதுர்சன் என்ற பையனைக் கொன்றுவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனைக்கு முன் நீதிபதியிடம் வருந்த வேண்டும். வருந்தத்தான் செய்தார், லைசன்ஸ் போனதற்காக.

"ராவில நித்திரை வருதில்லை எண்டு எழுதுங்கோவன்."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுகினம் அண்ணை. உங்கட வீட்டுச் சாமான் ஒண்டில துக்கம் தெரிய வேணும்."

யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு சாமான் அவர் வீட்டில் இல்லை.

அதே வாரம் சிட்னியின் புறநகரான கிரவீனிலிருந்து யதுர்சனின் தாய் சிவமணி அன்ரி வந்தார். தண்டனை சொல்லும் நாளில் இழந்தவர்களும் பேசலாம். செந்தில்நாதனும் என்னிடம்தான் வருகிறார் என்பது அவருக்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை. கூலி வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

"எத்தினை வருசம் குடுக்கினம் எண்டது எனக்கு வேண்டாம் தம்பி. இப்பிடி ஒரு பிள்ளை இருந்தவன் எண்டு அவையள் அறிய வேணும்," என்றார். பிறகு கராஜ் கதவைப் பற்றிச் சொன்னார். இரவு வேலை முடித்துப் பிள்ளை வரும் சத்தத்தில் தகப்பன் எழும்பிவிடக் கூடாதென்று, அவன் குனிந்து நுழைய அதைப் பாதி தூக்கியே வைப்பாராம். "இப்பவும் பாதியிலதான் விடுறன். முழுக்கப் பூட்டினா அவன் வந்து தட்டவெல்லோ வேணும்."

எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்தேன். அதையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும். வைத்த அந்தக் கணத்திலேயே, இது செந்தில்நாதனுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும் என்பதும் தெரிந்தது.

"கதவுக் கதையை விடுவம் அன்ரி. கோர்ட்டில அது விளங்காது."

"ஓம் தம்பி. உங்களுக்குத்தானே தெரியும்."

அந்த இடத்தில் அவர் எப்படியும் அழுதுவிடுவார், வாக்கியம் வீணாகும். கூலி வாங்காத தையற்காரன் மிச்சத் துணியை வைத்துக்கொள்வது உலக வழக்கம்.

தண்டனை நாளன்று அன்ரி முதலில் பேசினார். நல்ல பிள்ளை, கெட்டிக்காரன் என்று நான் எழுதிக் கொடுத்தபடி சொன்னார். நீதிபதி மரியாதைக்குத் தலையசைத்தார். பிறகு செந்தில்நாதன் கசங்கிய சட்டையுடன் எழுந்தார். அந்த நாளுக்குப் பிறகு கராஜ் கதவை முழுதாகப் பூட்ட முடியவில்லை, யாரோ இன்னும் வீடு வந்து சேரவில்லை என்றே தோன்றுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் அதை அன்ரியின் காதில் தமிழாக்கினார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். தீர்ப்பிலும் அந்தக் கதவு வந்தது. செந்தில்நாதன் சிறைக்குப் போகவில்லை.

வெளியே அன்ரி என்னைத் தேடி வந்தார். "தம்பி, அந்த மனுசனுக்கும் அப்பிடித்தானாமே?"

"துக்கம் எல்லாருக்கும் ஒரே மாதிரித்தான் அன்ரி."

நம்பினார். நேரே போய்ச் செந்தில்நாதனின் கையைப் பிடித்தார். "நீங்கள் பூட்டிப்போட்டுப் படுங்கோ தம்பி. நானும் இனிப் பூட்டுறன்."

எதைச் சொல்கிறார் என்று விளங்காமல் செந்தில்நாதன் என்னைப் பார்த்தார்.

ஆக, இருவருக்கும் ஆறுதல் கிடைத்தது. அதைச் செய்தவன் நான்தான். அன்ரி சொன்ன சொல் தவறாதவர்; கதவு இப்போது முழுதாகப் பூட்டியிருக்கிறதாம். கிரவீனுக்குப் போகும்போது அன்ரியின் தெருவை மட்டும் நான் தவிர்த்துவிடுகிறேன். அங்கே வேகத்தடைகள் அதிகம்.