நத்தை ஏறிய பக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் மடியில் தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் டப்பா. ஒவ்வொரு வளைவிலும் மூடி கழன்றுவிடுமோ என்று எனக்குத்தான் பதற்றம்.

“ஏனுங்க, டப்பாவுல என்னங்க?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“நத்தைங்க. இதுக பேண்டாத்தான் மீனு பொழைக்குமாம்.”

கேட்டவர் சிரித்துவிட்டார். “இதென்னங்க கூத்து?”

“நெசமாங்க. மீன்கடைக்காரரு சொன்னாரு. புதுத் தொட்டியில நல்ல கிருமி ஊறோணுமாம், அதுக்கு இதுக கழிவுதான் தீனியாம். நான் தொட்டி வாங்குன அன்னிக்கே மீன உட்டேன். மூணே நாள்ல அத்தனையும் செத்து மெதந்துச்சு. எங்கூட்டுக்காரரு மொளகு பறிக்கையில மரத்துலிருந்து உழுந்து படுக்கையில கெடக்கறாருங்க. அவரு பாக்கத்தான் வாங்குனது. அன்னிக்குச் செவுத்துப் பக்கம் திரும்புனவரு, டாக்டரு எந்திரிச்சு உக்காரச் சொல்லியும் அசையலைங்க.”

“அட சாமி. இனி மீனு எப்ப உடுவீங்க?”

“ஒரு மாசமாவது ஆவுமுங்க.”

“அதுவரைக்கும் பாவம், என்னத்தப் பாப்பாரு?”

“போன வாரம் ரெண்டு நத்தை உட்டனுங்க. அதுக ஊர்றதப் பாக்க மெல்ல இந்தப் பக்கம் திரும்புனாருங்க. நேத்து ஒண்ணு அவரு கண்ணுக்குத் தெரியாம தொட்டிக்கு அந்தப் பக்கம் ஏறிப் போயிருச்சு. எங்க போச்சுன்னு பாக்க, கையை ஊணித் தானா எந்திரிச்சு உக்காந்துட்டாருங்க. அதான் இன்னும் நாலு வாங்கிட்டுப் போறேன்.”