சம்பந்தி ரூம்

— அப்புறம் என்னதான் சொன்னார் மாப்பிள்ளை? மென்னு முழுங்காம சொல்லுங்க சம்பந்தியம்மா.

— முதல்ல செருப்பை மாட்டுங்க. தரை துடைச்ச ஈரம் இன்னும் காயலை. விழுந்து வெச்சீங்கன்னா தூக்கறதுக்கு எனக்கு முதுகு இல்லை.

— நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன பேசறீங்க.

— மாட்டுங்க, சொல்றேன்.

— மாட்டிட்டேன், போதுமா? ஆஸ்பத்திரி வேலையை விட்டு, இந்த முதியோர் இல்லத்துக்கும் வந்தாச்சு, இன்னும் உங்களுக்கு இந்த நர்ஸ் புத்தி போகலை.

— உங்களுக்கு மட்டும் டெலிபோன் ஆபரேட்டர் புத்தி போயிடுச்சாக்கும். நேத்து வராந்தாவுல நான் போன் பேசறப்ப கதவுக்குப் பின்னாடி நின்னது யாரு?

— தண்ணி பிடிக்க வந்தேன்.

— பாட்டில் இல்லாமயா?

— சரி, நின்னேன். என் பொண்ணு வாழ்க்கை, நிக்க மாட்டேனா? நின்னு மட்டும் என்னத்தைக் கேட்டேன். உங்க பக்கத்துல இருந்து வெறும் 'ம்', 'ம்'. எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப கூட இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை.

— அவன் பேசினான். நான் ம் போட்டேன். அவ்வளவுதான்.

— கோபமா பேசினாரா?

— எக்ஸ்சேஞ்சம்மா, காலங்காத்தால விடுங்க. டீ ஆறிப்போகுது. கீழ என்ன நியூஸ், அதைச் சொல்லுங்க.

— பேச்சை மாத்தறீங்க.

— மாத்தறேன்தான். சொல்லுங்க.

— லிஃப்ட் மறுபடி நின்னுடுச்சு. இந்தத் தடவை உள்ள மாட்டினது தாடிக்காரர். கதவைத் திறக்கற வரைக்கும் உள்ள நின்னு பாட்டுப் பாடிட்டு இருந்தாராம். வாத்தியாரும் அவரும் இன்னும் பேசிக்கலை, ரிமோட்டுச் சண்டை அப்படியே இருக்கு. டிவியில ஒருத்தர் நியூஸ் வெக்க, இன்னொருத்தர் எழுந்து போய் சுவிட்சை அணைக்க, நடுவுல நாங்க எல்லாரும் கறுப்புத் திரையைப் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கோம். அப்புறம், கீழ மூலை ரூமுக்கு வெள்ளையடிக்கறாங்க.

— வாசம் வந்துச்சு. நினைச்சேன்.

— இங்க ஒருத்தர் போயிட்டா யாரும் வாயைத் திறந்து சொல்ல வேணாம் பாருங்க. பெயிண்டு வாசம் வந்தா போதும், எல்லாரும் ரெண்டு நாளைக்குச் சத்தமில்லாம சாப்பிடுவாங்க. அந்த ரூம் அம்மாவோட மகள் வந்து பெட்டியை மட்டும் எடுத்துட்டுப் போனா. செருப்பு இன்னும் வாசல்லயே கிடக்கு. எடுக்கணும்னு கூடத் தோணலை போல.

— ம்.

— பாருங்க, மறுபடி ம். சம்பந்தியம்மா, என் பொண்ணு வீட்டை விட்டு வந்து ஒரு மாசம் ஆகப் போகுது. ஹாஸ்டல்ல இருக்கா. வக்கீலைப் பார்த்துட்டாளாம். ஏன்டின்னு கேட்டா, 'ஒத்துவரலைம்மா, விடு'ங்கறா. ஒத்துவரலையாம். நமக்கு ஒத்துவந்துச்சா? வந்த புதுசுல ஃபேனுக்கு நாம போட்ட சண்டையை மூணு மாடியும் வேடிக்கை பார்த்துச்சு. 'சம்பந்தி ரூம்'னு பேரே வெச்சாங்க. இன்னிக்கு நீங்க இல்லாம எனக்குத் தூக்கம் வருதா?

— உங்க குறட்டையில எனக்குத்தான் வர்றதில்லை.

— அம்மா, உள்ள வரலாமா?

— வாங்க மேனேஜர் தம்பி. என்ன, வெந்நீர் இன்னிக்கும் வராதா?

— வெந்நீர் வரும்மா. நான் வந்தது வேற விஷயம். எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. உங்க மகன் ஆபீசுக்குப் போன் பண்ணியிருந்தார்.

— மாப்பிள்ளையா? இங்கேயா? என்னவாம்?

— ரெண்டு வீட்டுக்கும் உறவு முறிஞ்சு போச்சு, எங்க அம்மாவை இனிமே அந்தம்மாவோட ஒரே ரூம்ல வெக்கக் கூடாதுன்னார். நான் என்னம்மா பண்றது, மேல இருந்து வேற கேக்கறாங்க. ரெண்டு கட்டில் ரூம் உறவுக்காரங்களுக்குத்தான்னு இங்க ரூல். உங்களைச் சம்பந்திங்கன்னுதான் சேர்த்தோம். அந்த முறையே இல்லைன்னா...

— இல்லைன்னா?

— உங்களுக்குத் தனி ரூம் ஒண்ணு பார்த்துக் கொடுக்கச் சொல்றார் மகன். இவங்களுக்கு இப்போதைக்குப் பின் பிளாக்ல இடம் இருக்கு.

— பின் பிளாக்கா? அது வரிசையா கட்டில் போட்ட ஹால் தம்பி. ராத்திரி எனக்கு இழுப்பு வந்து மூச்சு வாங்கினா பக்கத்துல யாருன்னு கூடத் தெரியாதே.

— பெல் இருக்கும்மா.

— பெல் அடிக்க மூச்சு வேணாமா?

— தம்பி, அவன் சொன்னதை அவன் சொன்னான். இங்க என் பங்கு என் பென்ஷன்ல இருந்து வருது, அவன்கிட்ட இருந்து இல்லை. அவங்க பங்கு அவங்க பென்ஷன். அதை மறந்துடாதீங்க.

— தெரியும்மா. அதனாலதான் நேரா வந்து கேக்கறேன். நீங்க ரெண்டு பேரும் பேசி, என்ன முறைன்னு எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. மேல கேட்டா நான் எதையாவது சொல்லணும் இல்லையா? சாப்பாட்டு மணிக்கு முன்னாடி வர்றேன்.

— போயிட்டாரா?

— போயிட்டார். கதவைச் சாத்துங்க.

— கேட்டீங்களா? முறையே இல்லையாம். நேத்து உங்களுக்கு வந்த போனும் இதுதானா?

— இதுதான்.

— ராத்திரி முழுக்க மனசுல வெச்சுக்கிட்டுப் பக்கத்துலயே படுத்திருந்தீங்களா? என் முதுகைத் தேய்ச்சு விட்டீங்களே, அப்பவும் இதுதான் மனசுல ஓடிச்சா?

— முதுகு தேய்க்கறப்ப முதுகுதான் ஓடும்.

— எல்லாம் இந்தப் பொண்ணால. நான் உங்ககிட்ட எந்த முகத்தோட மன்னிப்பு கேக்கறது? மாப்பிள்ளையோட அம்மான்னு ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உங்களுக்கு விட்டேனே, அந்த மரியாதையைக் கூட அவ எனக்கு மிச்சம் வெக்கலை. இருங்க. இப்பவே முடிவு கட்டறேன்.

— போனை ஏன் எடுக்கறீங்க?

— அவகிட்ட பேசத்தான். கிளம்பி வீட்டுக்குப் போடி, தப்பு யார் மேலன்னு அப்புறம் பார்க்கலாம், முதல்ல மன்னிப்பு கேளுன்னு சொல்லப் போறேன். அம்மாவைப் பின் பிளாக்ல போடப் போறாங்க, இழுப்பு வந்து செத்தா உன்னாலதான்னு சொல்லுவேன். இதைச் சொன்னா போதும். அழுதுக்கிட்டே போயிடுவா. என் பொண்ணு என் பேச்சைத் தட்ட மாட்டா.

— தட்ட மாட்டா. அது எனக்கும் தெரியும். அதனாலதான் சொல்றேன், வைங்க.

— ஏன்? அவ திரும்பிப் போயிட்டா கல்யாணமும் நிலைக்கும், ரூமும் நிலைக்கும். உங்களுக்கும் நல்லதுதானே.

— போனை வைங்க.

— ரிங் போகுது.

— எக்ஸ்சேஞ்சம்மா, கட் பண்ணுங்க. அந்தப் புள்ளையைத் திரும்ப அங்க அனுப்பாதீங்க.

— என்ன சொன்னீங்க?

— கட் பண்ணுங்க முதல்ல.

— பண்ணிட்டேன். என்ன சொன்னீங்க இப்ப?

— உட்காருங்க. மூச்சு வாங்குது. இன்ஹேலர் தலையணைக்கு அடியில இருக்கு பாருங்க. இழுங்க. நிறுத்துங்க. மெதுவா விடுங்க.

— விட்டுட்டேன். சொல்லுங்க.

— போன தடவை அவ இங்க வந்தாளே, நீங்க பல்லு பிடுங்கப் போயிருந்த அன்னிக்கு.

— நான் வர்றதுக்குள்ள கிளம்பிட்டா. அவசர வேலைன்னு சொன்னீங்க.

— நான்தான் அப்படிச் சொன்னேன். அந்த வெயில்ல முழுக்கைச் சட்டை போட்டிருந்தா. டீ கிளாஸை வாங்கக் கையை நீட்டினப்ப சட்டைக் கை மேல ஏறிடுச்சு, உள்ள கன்னிப்போன தடம். கதவு இடிச்சிடுச்சு அத்தைன்னா. எத்தனை வருஷம் அடிபட்டு வந்தவங்களைப் பார்த்தவ நான். கதவுக்கு அஞ்சு விரல் கிடையாது.

— இல்லை. மாப்பிள்ளையா? அவர் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லையே. போன் பண்ணினா முதல்ல 'மாத்திரை போட்டீங்களா அத்தை'ம்பாரே.

— அவன் அப்பாவும் அப்படித்தான். ஊருக்கே நல்லவர். நான் வார்டுல எல்லாருக்கும் கட்டுப் போட்டு முடிச்சிட்டு, பாத்ரூமுக்குப் போய் என் கட்டை மாத்திக்குவேன். வீட்டுல இவன் கதவிடுக்குல நின்னு பார்த்துட்டு இருப்பான், சின்னப் பய. புள்ளை பயந்துக்குதேன்னு நினைச்சேன். கத்துக்கிட்டு இருந்திருக்கான்.

— இத்தனை நாளா ஒரே ரூம்ல இருக்கோம். இதெல்லாம் நீங்க சொன்னதே இல்லையே.

— சொல்லி என்ன ஆகப் போகுது. அவர் போட்டோவுக்கு நீங்க தினம் தூசி தட்டி வெக்கறீங்க. பாவம், எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

— அவ ஏன் என்கிட்ட சொல்லலை? பெத்தவ நான் இருக்கேனே.

— சொன்னாளாமே. கல்யாணமான புதுசுல.

— சண்டைன்னுதான் சொன்னா. ஏதோ தள்ளிவிட்டார்னு. எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான், கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மான்னேன். ஒரு அம்மா வேற என்ன சொல்லுவா?

— எங்க அம்மாவும் அதைத்தான் சொன்னாங்க.

— ஊர்ல இருக்கறவங்க அழுகையெல்லாம் ஹெட்போன்ல கேட்டவ நான். லைன்ல ஒரு மூச்சு விட்டாலே அந்த வீட்டுல என்ன நடக்குதுன்னு சொல்லிடுவேன். சொந்தப் பொண்ணு குரல்ல எனக்கு ஒண்ணும் கேக்கலையே சம்பந்தியம்மா.

— அழாதீங்க. மறுபடி இழுக்கும்.

— ஆனா அவ தானா கிளம்பற ஆள் இல்லை. ஒரு துணி எடுக்கறதுன்னா கூட என்னைக் கேட்டுட்டுத்தான் எடுப்பா. யாரு அவளுக்குத் தைரியம் சொன்னது? அந்த ஹாஸ்டல் அவளுக்கு எப்படித் தெரியும்?

— என்கூட வேலை பார்த்த நர்ஸ் ஒருத்தி நடத்தற ஹாஸ்டல்.

— நீங்களா?

— அந்தக் கட்டில்லதான் உட்கார்ந்திருந்தா, உங்க கட்டில்ல. போயிடும்மா, இன்னிக்கே போயிடு, அவன் மன்னிப்பு கேட்டுட்டு வருவான், நம்பாதேன்னு சொன்னேன். 'உங்க மகன் அத்தை'ன்னா. அதனாலதான் சொல்றேன்னேன்.

— இந்த ரூம் போகும்னு உங்களுக்குத் தோணலையா?

— தோணிச்சு. அவளுக்கும் தோணிச்சு. 'அம்மாவுக்கு ராத்திரியில நீங்க இல்லாம எப்படி'ன்னுதான் ரொம்ப நேரம் யோசிச்சா. அவ வாழ்க்கையைப் பத்திக் கூட அவ்வளவு யோசிக்கலை. அதை நான் பார்த்துக்கறேன், நீ போன்னேன். அன்னிக்கு என்னமோ பெரிசா சொல்லிட்டேன். இப்ப மேனேஜர் வந்து நின்னா என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியலை. அலுத்துப் போச்சு எக்ஸ்சேஞ்சம்மா.

— போன் அடிக்குது. அவதான்.

— எடுங்க.

— எனக்கு என்ன பேசறதுன்னு தெரியலையே.

— சாப்பிட்டியான்னு கேளுங்க. அதுல எல்லாம் வந்துடும்.

— ஹலோ... ஆமாடி, நான்தான் பண்ணினேன். சும்மாதான். சாப்பிட்டியா? ...இல்லை, குரல் ஒண்ணும் மாறலை, இழுப்பு. அத்தை மருந்து கொடுத்தாங்க. ...இல்லைடி. திரும்பிப் போன்னு சொல்றதுக்குப் பண்ணலை. எங்கேயும் போக வேணாம் நீ. யார் கூப்பிட்டாலும் போகாதே. அம்மாவே சொன்னாலும் போகாதே. ...அழாதே. அப்புறமா பேசறேன். அத்தை முறைக்கறாங்க.

— நான் எங்கே முறைச்சேன்.

— பின்ன வேற என்னத்தைச் சொல்லி வெக்கறது. இன்னும் கொஞ்ச நேரம் பேசினா நானும் உடைஞ்சிருப்பேன்.

— கண்ணைத் துடைங்க. அப்புறம், இன்னியில இருந்து ஜன்னல் பக்கம் நீங்க படுத்துக்கோங்க. உங்களுக்குக் காத்து வேணும். நான் இனிமே மாப்பிள்ளையோட அம்மா இல்லையே.

— இருக்கட்டும். முதல்ல ரூம் இருக்கான்னு பார்ப்போம். நடக்கற சத்தம் கேக்குது.

— அம்மா, மன்னிக்கணும், மணி அடிக்கப் போறாங்க. பேசிட்டீங்களா?

— பேசிட்டோம் தம்பி. நாங்க உறவுதான்.

— சரிம்மா, எனக்கும் அதான் வேணும். ஆனா சம்பந்தின்னு இனிமே சொல்ல முடியாது. உங்க மகன் மறுபடி போன் பண்ணுவார். இவங்க உங்களுக்கு என்ன முறைன்னு சொல்லட்டும்?

— நான் சொல்றேன் தம்பி. நீங்க சும்மா இருங்க சம்பந்தியம்மா. இவங்க என் பொண்ணுக்கு அம்மா. அப்படியே சொல்லுங்க.