ஆடிப்பெருக்கன்று மாற்றிய சரடு

என் பெயர் ஷண்முகப்ரியா. வயது 22. தகப்பனார் பெயர் துரைராஜ், தற்போது உயிருடன் இல்லை. மந்தைவெளியில் வாரியக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கிறேன். பி.காம். முடித்துவிட்டு தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போனவள் நான் மட்டும்தான். இந்த வழக்கில் கைதாகிப் புழல் பெண்கள் சிறையில் இருக்கும் சொர்ணம் என் தாயார். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நடுவர் அவர்கள் முன்பாகச் சத்தியம் செய்து இதைச் சொல்கிறேன்.

என் தகப்பனார் லோடு ஆட்டோ ஓட்டி வந்தார். குடித்துவிட்டு வரும் நாட்களில் அம்மாவை அடிப்பார். அப்போது தாலிச் சரட்டைப் பிடித்து இழுப்பார். அது நைந்த நூல் என்பதால் அறுந்துவிடும். அறுந்ததும் விட்டுவிடுவார். அதன் பிறகு அம்மா தரையில் தாலியைத் தேடி எடுத்து, சரட்டில் முடிச்சுப் போட்டு மறுபடி கட்டிக்கொள்வார்.

ஆடிப்பெருக்குக்கு எங்கள் குடியிருப்பில் பெண்கள் புதுச் சரடு மாற்றுவது வழக்கம். அதற்கு முந்தைய நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா, "ப்ரியா, வரசொல்லோ மாடவீதில சரடு வாங்கினு வா. கெட்டியா பாத்து வாங்கு. சும்மா சும்மா அந்துபோவுது, பாக்குறவங்க சிரிக்கிறாங்க" என்றார். கடையில் இருந்ததிலேயே தடியானதை வாங்கி வந்தேன்.

மறுநாள் காலை அம்மா அதை மாற்றிக்கொண்டார். மாலையில் நான் வேலை முடிந்து திரும்பிய பிறகு தகப்பனார் குடித்துவிட்டு வந்தார். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் அம்மாவின் கழுத்தைப் பார்த்து, "இன்னாடி, புதுசா மினுக்கிக்கினு கீற? நான் கட்டுனத அவுத்துட்டு நீயே ஒண்ணு கட்டிக்கினியா?" என்றார். "எல்லா பொம்பளைங்களும் மாத்துறதுதான். ஒக்காந்து துன்னு" என்றார் அம்மா. அதன் பிறகு அவர் சரட்டைக் கையில் சுற்றி இழுத்தார். அது அறுந்துபோகவில்லை. இன்னும் ஒரு சுற்று சுற்றி இழுத்தார். அம்மாவுக்குக் குரல் வரவில்லை. நான் அவர் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா கைக்கு எட்டிய தோசைக்கல்லால் ஒரு முறை அடித்தார். அது நெற்றிப்பொட்டில் பட்டு அவர் விழுந்தார். சரடு கையில் இறுகியிருந்ததால் அம்மாவும் அவர் மேல் விழுந்தார். அம்மாவின் முகம் நீலமாகியிருந்தது. நான் தையல் கத்தரிக்கோலை எடுத்துவந்து சரட்டை வெட்டினேன். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டு வஜீஹா அக்கா இதைப் பார்த்தார்.

மூச்சு திரும்பியதும் அம்மா, "யாரு வெட்டுனது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "பெத்தவ தாலிய வெட்டுன பொண்ணுன்னு சொல்வாங்கடி. ஒன்ன எவன் கட்டுவான்? நீ இங்க இல்ல. வஜீ, நீயும் ஒண்ணும் பாக்கல" என்றார். "உசுரே போயிருக்கும், பேசுறா பாரு" என்று வஜீஹா அக்கா தண்ணீர் கொடுத்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தகப்பனார் இறந்துவிட்டார். அதன் பிறகு அம்மா புடவைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டார். போலீசாரிடம், தாலியைத் தானே கழற்றி வைத்துவிட்டு அடித்ததாகச் சொன்னார். நான் படிக்கட்டில் நின்று அதைக் கேட்டேன்.

தாலியைக் கழற்றி வைத்தபடியால் கொல்லும் எண்ணம் முன்பே இருந்தது என்று வழக்கில் எழுதியிருப்பதாகச் சட்ட உதவி வழக்கறிஞர் ஹம்சினி சொன்னார். அதன் பிறகே இதைச் சொல்ல முடிவு செய்தேன். போலீசார் எடுத்துச் சென்ற சரட்டில் முடிச்சு அவிழாமல் இருக்கும். வெட்டிய இடம் வேறு பக்கத்தில் இருக்கும். அதைப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சிறையில் மனு போட்டு அம்மாவைப் பார்த்தபோது இதைத் தெரிவித்தேன். "ஒன் வாழ்க்கை போச்சுன்னா நான் வெளிய வந்து இன்னா பண்றது?" என்றார். அடுத்த வாரம் போனபோது, என்னைப் பார்க்க வரமாட்டேன் என்று உள்ளேயிருந்து சொல்லியனுப்பிவிட்டார். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

என் தாயார் முன்பு சொன்னது எனக்காகச் சொன்னது. நடந்தது இதுதான். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், நானும் வாங்கிப் படித்துப் பார்த்தேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. இது என் தாயாருக்கும் வாசித்துக் காட்டப்படும் என்று தெரிந்தே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)
து. ஷண்முகப்ரியா