கலிங்கத்தில் வெட்டாத கல்

நாற்பத்து மூன்று வயதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தது. கையெழுத்து பெரிசு பெரிசாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

துறைமுகத்தில் எனக்குக் கைகாட்டும் வேலை. கப்பல் மேல்தட்டில் சரக்கறை வாயோரம் நின்று கீழே பார்ப்பேன். ஆள் விலகியதும் உள்ளங்கையைத் தாழ்த்துவேன். பாரம் தூக்கும் விஞ்சை ஓட்டுபவருக்குச் சரக்கறையின் அடி தெரியாது. என் கையைப் பார்த்துத்தான் சரக்கை இறக்குவார். பதினேழு வருஷம், ஒரு பழுது கிடையாது.

தண்டையார்பேட்டை பௌத்த சபையில் ராமதாஸ் வாத்தியார் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். என்னைவிடச் சின்னவர். அசோக ராஜாவின் கல்வெட்டுகள்தான் பாடம். கலிங்கத்தில் லட்சம் பேரைக் கொன்ற பிறகு ராஜா வருந்திய சாசனம் எனக்குப் பிடித்துப்போனது.

ஐம்பத்தாறாம் வருஷம், புத்தர் பிறந்த வைகாசிப் பௌர்ணமிக்கு அதை வாசிக்க ஆள் வேண்டும் என்றார்கள். எனக்குத் தரச்சொல்லிக் கேட்டேன். தவசிமுத்துவுக்குக் கொடுத்தார்கள். என் கேங்கில் கீழே நின்று வேலை செய்பவன். நல்லவன். எனக்கும் சேர்த்து பீடி வாங்கி வருவான்.

"நைனா, நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள ராஜா இன்னொரு சண்டைக்குக் கெளம்பிடுவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பௌர்ணமிக்கு நாலு நாள் முன்பு, காலை பத்து மணி. அவன் முதுகைக் காட்டிக் குனிந்து சங்கிலியை அவிழ்த்துக்கொண்டிருந்தான். மேலே இரும்புத் தகட்டுக் கட்டு தொங்கியது. பார்த்தேன். உள்ளங்கையைத் தாழ்த்தினேன்.

விலகியவன் திரும்ப உள்ளே வந்துவிட்டான் என்று விசாரணையில் சொன்னேன். பதினேழு வருஷத்துக் கை, நம்பினார்கள். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை பாடைக்குத் தோள் கொடுத்தேன்.

பௌர்ணமியன்று நான்தான் வாசித்தேன். கலிங்கம் வந்த இடத்தில் ஒரே வரியை இரண்டு தடவை வாசித்தேன். தோஸ்து நினைப்பு என்று சபையே கண்ணைத் துடைத்தது. பிறகு அதைக் கல்லில் வெட்டி வாசலில் நட்டோம். கல்லை வண்டியில் இழுத்து வந்தது நான்.

ஒரு நாள் வாத்தியார் சொன்னார்: ராஜா அந்தச் சாசனத்தை எங்கெங்கோ வெட்டினாராம், கலிங்கத்தில் மட்டும் இல்லையாம். அங்கே வெட்டியது வேறு, எல்லா மனிதரும் என் பிள்ளைகள் என்று. ஏன் அப்படி என்று யாரோ கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

ஆடியில் தவசிமுத்துவின் பெண்சாதி செல்லக்கனி சபைக்கு வந்தாள். படிக்கத் தெரியாதவள்.

"அண்ணே, அவரு படிக்க இருந்தது இதானாமே. இன்னா எழுதிகீது?"

விரல் வைத்து வாசித்தேன். வருந்திய வரி வந்ததும் விரல் தாண்டிப் போனது.

"எல்லா மனுசனும் எம் புள்ளைங்கன்னு கீதும்மா" என்றேன். அந்தக் கல்லில் அது இல்லை. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கொன்றதை மறைக்காமல் எழுதிவிட்டேன். இதை எங்கே வேண்டுமானாலும் வாசியுங்கள். அவள் தெருவில் மட்டும் வேண்டாம். பாவம், மனசு நோகும்.