எண்பதில் ஒரு ‘டிக்’

ஹலோ... ஹலோ, நான்தான்... ஆமா, கேக்குது. போனை யாரு பிடிச்சிருக்கா, பாப்பாவா? ஸ்பீக்கர்ல போடச் சொல்லு... போட்டாச்சா? எங்க போயிட்டிருக்கீங்க?... பைபாஸ்லயா? எவ்வளவு வேகம்?... எண்பதா! ஐயோ, எண்பதா...

இல்ல, இல்ல, கத்தல. நான் கத்தவே இல்ல. இங்க பாரு, ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடு. மெதுவா... பிரேக்கைப் போட்டு அழுத்திடாத. ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கோ. ரெண்டு பக்க இண்டிகேட்டரும் போட்டுட்டு அப்படியே ஓரம் கட்டு... காரணம் அப்புறம் சொல்றேன்மா. நிறுத்து முதல்ல... நீச்சல் போட்டிக்கு லேட்டானா ஆகட்டும்! பாப்பா, நீ அழாதடா, அப்பா உன்னைத் திட்டல...

என்ன சத்தம்? பின்னாடியா?... எப்பலேருந்து டக்கு டக்குனு?... கேட்டுட்டுமா பாட்டைக் கூட்டி வெச்ச? ரோடு சரியில்லைன்னு நெனச்சியா... சரி, சரி, உன் மேல தப்பில்ல. ஓரத்துக்கு வந்துட்டியா?... ஆங், ஆங்... லாரியா? போகட்டும், அவனுக்கு வழி விடு... இப்ப?... நின்னுடுச்சா? நிஜமா நின்னுடுச்சா?

அப்பாடா. இரு... ஒண்ணுமில்ல, மூச்சு வாங்குது.

பாப்பாவை ரோட்டுப் பக்கம் இறக்காத. இடது கதவு. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிக்கச் சொல்லு... நின்னுட்டாளா? சரி. இப்ப சொல்றேன். காலையில சக்கரத்தை முன்னபின்ன மாத்திப் போட்டேன்ல? வெச்ச அளவுக்கு நட்டு இறுகினதும் டிக்குங்குமே, அந்தப் புது டார்க் ரெஞ்ச், அதுலதானே முடுக்கினேன்?... ஆமா, அதேதான், ஒரு மாசமா தேடித் தேடி வாங்கினேனே, அதேதான். இப்ப பெட்டியில எடுத்து வெக்கப் போனேன். கைப்பிடியில ‘இன்ச் பவுண்ட்’னு போட்டிருக்கு... இன்ச்சுமா, இன்ச்! நமக்கு வேண்டியது ஃபுட் பவுண்ட். வண்டிப் புத்தகத்துல எண்பதுன்னு இருந்துச்சு, நானும் எண்பதுல வெச்சேன். டிக்குன்னுச்சு, விட்டுட்டேன்... எவ்வளவு குறைச்சலா? பன்னெண்டு இன்ச்சு சேர்ந்தாத்தானே ஒரு அடி? பன்னெண்டுல ஒரு பங்குதான் இறுகியிருக்கு. பாட்டில் மூடியைத் திருகுற மாதிரி திருகி உங்களை அனுப்பி வெச்சிருக்கேன்...

அதான் எனக்கும் புரியல. துல்லியம், துல்லியம்னு ஒவ்வொரு கடையிலயும் குடைஞ்சேன். அளவுல நூத்துக்கு நாலு தப்பு வரும்னான் ஒருத்தன், அதை வேணாம்னேன். நூத்துக்கு ரெண்டுதான்னு சான்றிதழோட இன்னொருத்தன் குடுத்தான், அதை வாங்கினேன். ரெண்டா நாலான்னு பார்த்தவன் இன்ச்சா அடியான்னு பார்க்கல... திட்டு. நல்லாத் திட்டு. ஆனா அப்புறம் திட்டு. இப்ப பின் சக்கரத்துக்கிட்ட போ. எந்தப் பக்கம் சத்தம் வந்துச்சு?... இடதா? நல்லது, ரோட்டுப் பக்கம் போக வேணாம். நட்டை விரலால தொட்டுப் பாரு... சுத்துதா? விரலாலயே சுத்துதா?... ம்... ம்... எண்ணிப் பாரு, நாலு இருக்கணும்... மூணா? இன்னொரு தடவை எண்ணு...

மூணு.

கடவுளே. இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தா...

இல்லம்மா, நான் அழல. அழல... சரி, அழறேன். பயமா இருக்கு, என்ன பண்ணச் சொல்ற?

டிக்கியில ஸ்பேனரா? இல்ல... இல்லம்மா. அது இங்க என் காலடியில கிடக்கு. புது ரெஞ்ச் வந்தாச்சே, இந்தப் பழசு எதுக்கு டிக்கியில கடகடன்னு உருளுதுன்னு நான்தான் எடுத்து வெளிய போட்டேன்... ஆமா, நல்ல மூளைதான். இதை எடுத்துக்கிட்டு நான் வர்றேன். டாக்ஸி பிடிச்சு வர்றேன். வண்டிய ஒரு அடி நகர்த்தாத...

யாரு? சகலையா? அட, ஆமா, அவரும் போட்டியைப் பார்க்க உங்களுக்குப் பின்னாடி அதே வழியாத்தானே வர்றார். அவர் டிக்கியில எப்பவும் ஒரு ஸ்பேனர் கிடக்கும். கூப்பிடு, அவரையே கூப்பிடு. சிரிக்கத்தான் செய்வார், சிரிச்சுட்டுப் போகட்டும். காலையில பக்கத்துல நின்னுக்கிட்டு ‘மருந்துக்கடைத் தராசு மாதிரி ரெஞ்ச் வாங்கியிருக்கீங்களே சகலை’ன்னு என்ன கிண்டல்! அப்புறம் அந்த டிக் சத்தத்தைக் கேட்டுட்டு அவரே...

...

இல்ல, லைன்லதான் இருக்கேன். நீ கூப்பிடாத. வேணாம், வேணாம், நீ கூப்பிடாத... அவரே ‘என் வண்டிக்கும் அப்படியே மாத்திப் போட்டுடுங்க’ன்னாரு. போட்டேன். நாலு சக்கரமும் போட்டேன். நீ உள்ள பாப்பாவுக்குத் தலை பின்னிட்டிருந்த... உன் தங்கச்சியும் கூடத்தான் இருக்கா. பிள்ளைங்களும். எங்க வர்றாங்கன்னு தெரியுமா?... மலைப்பாதையா? இறக்கத்துலயா?

வை. போனை வை. பாப்பாவைத் தனியா விடாத. வெச்சுடு, நான் அவருக்குப் போடணும்... வெச்சுடும்மா!

...

எடுங்க... எடுங்க சகலை... எடுங்க...

ஹலோ! சகலை... ஐயோ, சிரிக்காதீங்க சகலை. சிரிக்காம நான் சொல்றதைக் கேளுங்க. காலை ஆக்ஸிலேட்டர்லேருந்து எடுங்க. மெதுவா... மெதுவா...