பட்டை அவிழும் வரை

ஹலோ... சொல்லுங்க மாமா... இல்ல, ஆபீஸ்ல இல்ல. ஆஸ்பத்திரியில படுத்திருக்கேன்... ஐயோ, ஒண்ணும் ஆகல. அந்த ரத்தக் குழாய் டெஸ்ட்தான்... ஆமா, ஆமா, இப்பதான்... மாமா, ஸ்பீக்கரை அமத்துங்க. என் குரல் எனக்கே திரும்பிக் கேக்குது... ம், இப்ப சரி.

...இடது கையில பட்டை கட்டி காத்து ஏத்தியிருக்காங்க. பிரஷர் பாக்குற மாதிரியேதான், ஆனா இறக்க மாட்டேங்கறாங்க. கொஞ்ச நேரம் ரத்தத்தை நிறுத்தி வெச்சு, அப்புறம் அவிழ்ப்பாங்க. நல்ல குழாய்னா பாய்ஞ்சு வர்ற ரத்தத்துக்கு விரிஞ்சு குடுக்கும்... கெட்டதுன்னா? சும்மா கிடக்கும்.

...சாப்பிட்டேன் மாமா. காலையில வைட்டமின் சி, ராத்திரி வைட்டமின் இ. ஒரு வேளை விடல... தெரியும், நீங்க காலம் பூரா பையில தூக்கிட்டுப் போய் டாக்டருங்ககிட்ட வித்த மாத்திரை. 'புகை அழுக்கையெல்லாம் உள்ள போய்ப் பெருக்கித் தள்ளிடும்'... மனப்பாடம் ஆயிடுச்சு.

...சிகரெட்டா?... ஆமா. அதுவும் ஒரு வேளை விடல.

...கத்தாதீங்க, சிஸ்டர் சிரிக்கிறாங்க... விட்டுப் பாத்தேனே! மூணாவது நாளே, பால் சிந்துச்சுன்னு புள்ளை மேல பாய்ஞ்சேன். கட்டிலுக்கு அடியில போய் உக்காந்துக்கிட்டா. அன்னிக்குத்தானே நீங்க வந்து அவளை உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க?... ம்... பிடிச்சா வீடு நாறுது, விட்டா நான் நாறுறேன்.

...உங்க பொண்ணு இருந்தப்ப பால்கனிக்குத் துரத்துவா. ஆமா. இப்ப வீடு முழுக்க பால்கனிதான்.

...மாமா... ப்ச்... அழாதீங்க மாமா. எழுந்து வெளியில போகக்கூட முடியாம கிடக்கேன். குழாய் நல்லா இருக்குன்னு வந்தா குட்டியை அனுப்பறேன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுக்குத்தான் படுத்திருக்கேன்.

...கையா? மரத்துப் போச்சு. வலிக்கல... நிஜமாவே வலிக்கல. சிஸ்டரும் அதையேதான் கேக்கறாங்க.

...குடுங்க... குட்டி! ...ம்... ம்... ஆஸ்பத்திரிதான்டா... இல்ல, இல்ல. அம்மா மாதிரி இல்ல. இது சும்மா கையைப் பாக்குற இடம். அப்பா நடந்தே வீட்டுக்குப் போயிடுவேன்... பை கட்டிட்டியா? எல்லாத்தையுமா?... செருப்பைத் துணியோட வெக்காதடி... சரி. சரி, தாத்தாகிட்ட குடு.

மாமா, இருங்க. அவிழ்க்கறாங்க. பேசக்கூடாதாம்...

...

ம்... சிஸ்டர், நேராவே சொல்லுங்க... ம்... போன தடவை இருந்த அதே அளவா?... கொஞ்சம்கூடவா?... ம். சரி.

மாமா... விரியல... இல்ல, மெஷின் நல்லாத்தான் இருக்கு... கேட்டேன், டோஸ் கூட்டலாமான்னும் கேட்டேன். மாத்திரை போட்டதும் சிலருக்கு லேசா விரியுமாம், ஆனா அது நிலைக்காதாம். புகை நிக்காம மாத்திரையால ஆகாதுங்கறாங்க... உங்களை யாரும் பொய்யன்னு சொல்லல மாமா. நீங்களும் நம்பித்தானே வித்தீங்க.

...என்னது?... பரவால்லயா? அப்படியே அனுப்பிடறீங்களா?

...

வேண்டாம் மாமா... இல்ல, கோபம் இல்ல. நானும் ஒரு நாள் படுத்துட்டா, அவ இன்னொரு தடவை ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கணும்... சிகரெட்டை விடறேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லிட்டு விடாம இருக்கவும் முடியாது. உங்ககிட்டயே இருக்கட்டும். நான் மெதுவா அவகிட்ட...

மாமா, மறுபடியும் என் குரல் கேக்குதே... ஸ்பீக்கர்லயா இருக்கு?... யாரு பக்கத்துல?... குட்டி?... அது ஜிப் சத்தமா?... குட்டி, பையைப் பிரிக்காத. அப்பா சொன்னது... இங்க பாரு, பிரிக்காத, அப்பா...

ஹலோ?... ஹலோ?

...இல்ல சிஸ்டர், கட் ஆயிடுச்சு... ஆமா. இப்ப வலிக்குது.