சாலமோனின் கூண்டில் தைலம்

எங்கள் வீட்டில் யாருக்குத் தும்மல் வந்தாலும் அப்பா நீலகிரித் தைலத்தைத்தான் எடுப்பார். பொழிச்சலூரில் மழைக்காலம் முழுவதும் வீடே தைலம் மணக்கும்.

சாலமோன், அக்கா வளர்த்த இகுவானா. பெரிய பச்சை ஓணான் மாதிரி இருப்பான். கூண்டு விளக்குக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு ராஜா போல உட்கார்ந்திருப்பதால் அந்தப் பெயர். ஹெப்சி அக்கா கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரிக்குப் போனபோது அவள் மாமியார், "நீ வாம்மா, அந்த ஓணான் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அவன் என்னிடம் தங்கினான். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு வேறு வேலை இல்லை. அக்காவைத் தவிர யாரோடும் எனக்குப் பேச்சு வராது.

முதலில் ஞாயிறுதோறும் வந்தாள். பிறகு போன் மட்டும்.

ஒருநாள் அப்பா, கூண்டு இருந்த அறையில் தைலம் போட்டு ஆவி பிடித்தார். மறுநாள் சாலமோன் வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். அக்கா ஓடி வந்தாள். தாம்பரத்தில் டாக்டர் சொன்னார்: "தைலம், வாசனை எண்ணெய் எதுவும் இவன் கிட்டயே வரக்கூடாதும்மா. நுரையீரல் தாங்காது."

அவன் தேறும்வரை அக்கா தங்கினாள். மத்தியானம் என் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்து, "மாமியாருக்கு என் குழம்புல உப்பு கம்மியாம், எனக்கு வாய் ஜாஸ்தியாம்டி" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு போய்விட்டாள்.

டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. சாலமோன் படுக்கும் துண்டில் கொஞ்சம் தைலம் விட்டேன். அக்காவுக்குப் போன் செய்துவிட்டு, அவள் வருமுன் துண்டை மாற்றி ஜன்னலைத் திறந்துவைப்பேன். அவனை நான் ஒருநாளும் அடித்ததில்லை. முருங்கைக்கீரையும் பூசணியும் நறுக்கி என் கையால்தான் ஊட்டினேன். அக்கா வருவாள், அவன் தேறுவான், அவள் போவாள். மறுபடியும் விடுவேன்.

கடைசி முறை நல்ல மழை. ஜி.எஸ்.டி. ரோட்டில் தண்ணீர். அக்கா வந்து சேர்வதற்குள் அவன் மூக்கில் நுரை கட்டிவிட்டது. அவள் மடியில்தான் போனான்.

"எப்படி பாத்துக்கிட்ட அவன..." என்று அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கொய்யா மரத்தடியில் புதைத்துவிட்டுக் கிளம்பும்போது, "இனிமே இங்க வர எனக்கு என்னடி இருக்கு" என்றாள்.

அழும்போது சொல்வதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஞாயிறு வருவாள். துண்டைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன். இப்போது எந்த வாசனையும் இல்லை.